பதினான்காம் கட்டம்

காங்கேசன்துறையில் கப்பல் வாயைத் திறந்து வைத்திருந்தது.
முகமே கதவு, கதவே பாதை.
உள்ளே இருப்பவை முதலில் இறங்கவேண்டுமாம்.
இறங்கின:
பச்சை லொறி, பச்சை லொறி, தண்ணீர் பவுசர்,
சங்கிலிச் சில்லுப் பூட்டிய ஏதோ ஒன்று.
அதன் பெயர் எனக்குத் தெரியாது,
சீமெந்துத் தரைக்குத் தெரிந்திருந்தது, நடுங்கியது.
கடைசியாக ஒரு ஜீப்,
பின்சீட்டில் சாக்குச் சுற்றிய மரக்கன்றோடு.
"ரம்புட்டான்" எண்டார்
களுத்துறையில் முந்தி வேலைசெய்த அருமைச்சந்திரன்.
"இஞ்ச அது வராது."

பிறகு நாங்கள்,
கிளியரன்ஸ் கிடைத்த முன்னூற்றுச் சொச்சம் பேர்.
வாகனத் தளத்தில் மஞ்சள் பெயின்றில் கட்டங்கள்.
கட்டத்துக்கு ஒரு லொறி, லொறிக்கு ஓர் இலக்கம்.
எனக்குப் பதினான்கு.
"இந்தகண்ட" என்றான் கடற்படைப் பெடியன்.
எண்ணெயில் இருந்தோம்.

சங்கக்கடையில் கணக்கெழுதிய கை சும்மா கிடக்காது.
லொறி ஒன்று ஒன்பது தொன்.
கட்டத்துக்குள் நாங்கள் இருபத்தாறு,
பிள்ளைகளை அரையாகப் போட்டால் இருபத்துமூன்றரை,
சூட்கேஸ், பனங்கட்டிக் குட்டான், புஷ்பகாந்தி ரீச்சரின்
தையல் மெஷின் எல்லாம் சேர்த்தும்
இரண்டு தொன் தாண்டவில்லை.
இவ்வளவு பாரமற்ற சாமானை
இந்தக் கப்பல் முன்பு ஏற்றியிராது.

தரையில் இரும்பு வளையங்கள், வாகனம் கட்ட.
ரீச்சர் தண்ணிக் கானை ஒன்றில் கட்டினா.
சில்லுக்கு வைக்கும் கட்டையில் தலை வைத்து
அருமைச்சந்திரன் உறங்கினார்.
உருளாமல் இருக்க நல்ல ஏற்பாடு.

முல்லைத்தீவுக்கு நேரே வந்தபோது
விளக்கை அணைத்தார்கள்.
எஞ்சின் அடக்கி மூச்சுவிட்டது.
ஒருவரும் கதைக்கவில்லை.
இது படைக்கப்பல்.
அடிக்க வருகிறவர்களில் ஒருவன்
என் சின்னம்மாவின் மகனாகவும் இருக்கலாம்.
நாங்கள் உள்ளே இருப்பது அவனுக்குத் தெரியுமா?
அவனுக்குத் தெரியட்டும் என்றுதான்
எங்களை ஏற்றினார்களா?
இதை எந்தப் பக்கம் எழுதுவது,
வரவிலா, செலவிலா?
இருட்டில் பேனை இருந்தும் பிரயோசனமில்லை.

சத்தி எடுக்கச் சொப்பிங் பை கொண்டுவந்த
அதே பெடியன்
எங்களுக்குக் கொடுக்கமுன் ஒன்றைத் தானே எடுத்து
முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
"சமாவென்ன" என்றான் பிறகு, மிக மெதுவாக.
அந்த இரவு முழுவதிலும்
எனக்குக் கேட்ட ஒரே மன்னிப்பு அது.

திருகோணமலையில் வாய் திறந்தது.
வெயில் தரையளவில் வந்தது.
வெளியே வரிசையாய் லொறிகள்,
எங்கள் இடத்துக்குக் காத்துக்கொண்டு.
பதினான்காம் கட்டத்து விசுக்கோத்துத் தூளை
யாரோ தும்புக்கட்டையால் கூட்டினார்கள்.

மயிலிட்டியில் காணி விட்ட வருடம்
ரீச்சரின் வளவு பார்க்கக் கூடப் போனேன்.
கூரை இல்லை. கிணறு இருந்தது.
குசினி இருந்த இடத்தில் இடுப்பளவு கனத்து ஒரு மரம்,
இலை ஓரங்கள் உப்பில் கருகி.
"என்ன மரமடி இது?
ஆர் நட்டதெண்டும் தெரியேல்லை.
காய்க்கவுமில்லை, வெட்டவும் மனம் வருகுதில்லை."

அந்தக் கன்றுதானோ, வேறொன்றோ.
பெயர் என் வாய்வரை வந்தது.
"தண்ணி ஊத்திப் பாப்பம் ரீச்சர்" என்றேன்.
வாளி ஓட்டை.
கையை அடியில் பொத்திக்கொண்டு நடந்தேன்.