தூக்குவாளி

ஊர்க்காரன் குரல் கேட்டால்
தெரு மாறிவிடுவாள் பியோன் அம்மா.
ஹ்லேடான் சந்தையில்
முள்ளங்கிக்குப் பேரம் பேசவும்
என்னைத்தான் முன்னால் தள்ளுவாள்:
"நீ பர்மியத்தில் கேள், ஞானமுத்து.
நான் வாய் திறந்தால் தெரிந்துவிடும்."

அயல்நாட்டில் ஏமாற
நம்ம பாஷைக்காரன் வேண்டும் என்பாள்.
நாற்பது லட்சம். சோ என்று ஒருவன்.
இருவருக்கும் ஒரே துறைமுகம், ஒரே மீன்வாடை.
நான் சிரிக்கவில்லை.
என் சீட்டுப்பணத்தோடு மாண்டலே போன மச்சானும்
தமிழில்தான் சத்தியம் செய்தான்.

சோவுக்கு டெங்கு என்று
கொரியக் கோயில் வழியாகச் சேதி வந்த அன்று
கடையைச் சீக்கிரம் சாத்தினாள்.
தூக்குவாளியில் கஞ்சி.
"யார் தந்தது என்று சொல்லாதே."

ஒரு கரண்டி வாயில் வைத்தவன்
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.
நர்ஸ் வந்து போனாள்.
பிறகு சொன்னான்:
"உப்பு அதிகம். எப்போதும் போல."

மறுநாள் வாளி வந்தது,
கழுவி, உள்ளே ஆறு ஆரஞ்சு.
வெறும் பாத்திரம் திருப்பக் கூடாதென்பது
அவர்களுக்கும் உண்டு போலிருக்கிறது.

"இன்றைக்கு ஆரஞ்சு என்ன விலை?"
நாற்பது லட்சத்தில் கழித்து எழுதினேன்.
மீதியை வாசிக்கச் சொன்னாள்,
சத்தமாக,
கொரிய மொழியில்.