எந்தப் பக்கமிருந்து வந்தது

தோஹாவில் எட்டு வருசமாய்த் தட்டு ஏந்துகிற மனுசன்
இந்தக் கலியாண நாளுக்குக்
காசு அனுப்பவில்லை.
போனில் ஒரு பச்சைச் சதுரம் வந்தது:
கண்டி ஹோட்டலில் இருவருக்கு இராச்சாப்பாடு,
அதற்கு முன் ஒரு மணிநேரக் கச்சேரி,
முப்பத்தொன்றாம் தேதியோடு செல்லாது.

"காசாய்த் தந்திருக்கலாம்."
"தந்தால் கூரைக்குப் போகும்."
அதுவும் சரிதான்.
தகரம் இரண்டு மாற்ற இருந்தது.

இருவரில் மற்றவளாய் நாத்தனார் செல்வநாயகி வந்தாள்.
அட்டனில் ஏறி, கினிகத்தேனை வளைவுகள் முடியும்வரை
தேசிக்காயை மோந்தபடியே இருந்தாள்.
அவர் அனுப்பிய குரல்பதிவு பதினொரு நிமிசம்.
இரண்டு தடவை கேட்டோம்:
வெளியே இருக்கிற முள்ளுக்கரண்டியில் தொடங்கி உள்ளே வா.
சூப்பை உன் பக்கம் இழுக்காதே.
தண்ணி கேட்க வேண்டாம், அவனே பார்ப்பான்.
நாவலப்பிட்டியில் மழை. கம்பளையில் வெயில்.
கண்டியில் பெற்றோல் செட் கழிவறையில்
ஒருத்தி கதவைப் பிடிக்க ஒருத்தி சேலை மாற்றினோம்.

வாசித்தவர்கள் நாலு பேர்.
அதில் ஒரு பெண்பிள்ளை
ஆளுயரப் பிடிலை, தலைவாரப் பிள்ளையை நிறுத்துவதுபோல்
முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வைத்திருந்தது.
எங்கே கைதட்டுவதென்று பதிவில் இல்லை.
ஓரிடத்தில் எல்லாம் நின்றது, தட்டினேன்.
நான் மட்டும்.
முன்வரிசைக் கழுத்துகள் திரும்பின.
செல்வநாயகி தொடையில் கிள்ளினாள்.
வில்லைத் தூக்கிப் பிடித்தபடியே அந்தப் பிள்ளை
என்னைப் பார்த்துச் சிரித்தது.
பிறகு அது இழுத்த இழுப்பு
கீழே, இன்னும் கீழே, குரலே இல்லாத ஆழத்துக்கு இறங்க
நாற்காலிக் கால் அதிர்ந்தது.
என் காலாகவும் இருக்கலாம்.

ஏரி தெரிகிற மேசை.
பூசணிக்காய் சூப்பில் ஒரு துளி எண்ணெய்,
வேண்டுமென்றே விட்டதாம்.
இறைச்சி வாயில் வைத்ததும் காணாமல் போனது.
"உறைப்பே இல்லையே" என்றாள் இவள்,
கூப்பிட்டுக் கட்டச்சம்பல் கேட்டாள்.
நெஞ்சில் கசுன் என்று எழுதியிருந்த பையன்
முகம் மாறாமல்
வெள்ளிக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்து
"எனக்கும் அப்படித்தான்" என்றான், மெதுவாக, தமிழில்.

அடுத்த மேசைக்கு அவன் போனான்.
ஒரு தட்டு உள்ளங்கையில்,
ஒன்று பெருவிரலுக்கு அடியில்,
மூன்றாவது, ஆவி பறக்க,
இடது முன்கையின் மேல்.

போன லீவில் பார்த்தேன்,
அவர் இடது முன்கையில்
மயிர் முளைக்காத ஒரு வட்டம்.
கேட்டதற்கு, வெயில் என்றார்.
ஒரு கையில் மட்டுமா வெயில் என்று
அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

கடைசியில் வந்த இனிப்பு என்னவென்று
செல்வநாயகியைத்தான் கேட்க வேண்டும்.

கட்டுகஸ்தோட்டையில் அவள் சிநேகிதி வீட்டில் படுத்தோம்.
இரவு இரண்டு மணிக்கு எடுத்தார்,
அங்கே பதினொன்றரை, வேலை முடிந்திருந்தது.
தட்டு எந்தப் பக்கமிருந்து வந்தது?
வலப்பக்கம்.
துண்டை மடியில் விரித்தானா?
விரித்தான்.
எடுக்கும்போது சத்தம்?
இல்லை.
கச்சேரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.
நான் தனியாகத் தட்டியதை நானாகச் சொன்னேன்,
சிரித்துச் சிரித்து இருமினார்.
பிறகு கேட்டார்:
"ஏதாவது எடுக்க ஒருக்காவாவது எழும்பினியா?"
"இல்லை. உட்கார்ந்தே இருந்தேன்."
கொஞ்சநேரம் லைனில் ஏசி இரைகிற சத்தம் மட்டும்.
"அதுதான்" என்றார். "அதுக்குத்தான்."

வட்டத்தைப் பற்றி நான் கேட்கவில்லை.

காலை பஸ்ஸில், கினிகத்தேனைக்கு முன்னாலேயே
செல்வநாயகியின் கைப்பை கசியத் தொடங்கியது.
தங்கத்தாள் சுற்றிய பட்டர், ஏழு.
பிள்ளைகளுக்கு, என்றாள்.
விரலை நக்கி, உப்பு சரியாயிருக்கு என்றாள்.