ஃப்ரிட்ஜுக்குள் சாவி

கையில் இருந்தது ஒன்பதாயிரம் குரோனர்.
கேமராவா, மைக்கா?
பெர்கன் துறைமுகத்துக் கடையில் ஹால்வார்
லென்ஸை விளக்கில் திருப்பிக் காட்டினார்:
“பின்னணி கரைந்துபோகும், உன் முகம் மட்டும் மிதக்கும்.”
என் முகத்தை யார் கேட்டார்கள்?
ஐந்தாம் ஃப்ரெட்டில் சுண்டுவிரல் எங்கே நிற்கிறது,
அதைக் காட்ட இந்தக் கைபேசி போதாதா.

விரல் பருமனில் ஒரு ஜோடி மைக் வாங்கிவந்தேன்.
பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேரே,
ஒரு சாண் தள்ளி நிறுத்தினேன்.

அது எல்லாவற்றையும் கேட்டது.
கூரையில் மழை,
மேல்வீட்டு ஓட்டாரின் இருமல்,
நாற்காலியின் மூட்டுவலி,
ஃப்ரிட்ஜின் ஓயாத உறுமல்.

ஃப்ரிட்ஜை அணைத்தேன்.
திரும்பப் போட மறப்பேன் என்று
வீட்டுச் சாவியை உள்ளே
பால் பக்கத்தில் வைத்தேன்.
சாவியில்லாமல் எங்கே போவேன்?

ஏழாவது டேக்கில்தான் படிந்தது அந்த பார் கார்டு.
ஹெட்போனில் போட்டுக் கேட்டால்
கார்டுக்குச் சற்று முன்னால்
யாரோ மூச்சைப் பிடிக்கிறார்கள்.
நான்தான்.
வெட்ட அரை நொடி ஆகும்.
விட்டுவிட்டேன்.

மூன்று நாள் விடாத மழை.
வெளியே போகவே இல்லை.
சாவி பத்திரமாக இருந்தது,
திரிந்த பாலுக்குப் பக்கத்தில்.