கரிச்சானுக்கு எவ்வளவு வெளிச்சம்

பாரூர் ஏரிக்கரை மின்கம்பியில்
ஒரு ஓட்டை உட்கார்ந்திருந்தது.
முதல் நூறு படங்களிலும் அப்படித்தான்:
வானம் ஒழுங்காக விழுந்திருக்கும்,
நடுவில் குருவி வடிவத்தில்
கத்தரித்து எடுத்த இடம்.
பிளந்த வாலை வைத்துத்தான்
கரிச்சான் என்று சொல்ல முடிந்தது.

கேமராவைக் குற்றம் சொல்ல முடியாது.
வெளுத்த வானத்தைக் கண்டால் கண் கூசி
கறுப்பை இன்னும் கறுப்பாக்கும்.
ஒரு ஸ்டாப் கூட்டினேன். ஒன்றரை.
வானம் பாழாய்ப் போனது, போகட்டும்.
தோளில் ஒரு கோடு.
நீலமா?
அதற்குள் சந்தூர்ப் பக்கமிருந்து மாங்காய் லாரி
ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது.
கம்பி மட்டும் ஆடியது.

ஏழே காலுக்கு எருமை முதுகில் வந்து இறங்கிற்று,
உண்ணிக்கோ ஈக்கோ.
எருமை கறுப்பு, இதுவும் கறுப்பு,
இப்போது கூட்டியதைக் குறைக்க வேண்டும்.
நானூறு படம் கெடுத்துக் கற்ற கணக்கு.
அது வெயிலுக்குத் திரும்பியது.
பெட்ரோல் சிந்திய குட்டை,
பித்தளைக் குடத்தடியில் சுட்ட நிறம்,
எதைச் சொன்னாலும் பக்கத்தில்தான் போகிறது.
இறகில் அந்த நீலத்துக்குச் சாயமே கிடையாதாம்.
அரை அடி நகர்ந்தேன்: காணோம்.
பழைய இடத்துக்கே வந்தேன்: இருக்கிறது.

பத்து மணிக்குப் போச்சம்பள்ளியில்
ஸ்டூடியோ ஷட்டரைத் தூக்கினேன்.
நாகவேணி வந்தாள், அண்ணன் திம்மராஜோடு.
மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற படம்.
"கொஞ்சம் வெள்ளையா வரட்டும்ண்ணா" என்றான் அவன்.
பதினோரு வருடமாக
என் ஆட்காட்டி விரலுக்குத் தெரிந்த வேலை அது.
மாட்டேன் என்று சொன்னதாக எழுத ஆசை.
செய்தேன். இருநூற்றைம்பது ரூபாய்.

ஆனால் எடுக்கும்போது
குடை விளக்கை அணைத்துவிட்டு
நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினேன்.
"இன்னும் கொஞ்சம்மா... இன்னும்... அப்படியே."
கன்ன மேட்டில் செம்பு போல ஒன்று ஏறியது.
கேமரா முதுகில் காட்டினேன்.
ரொம்ப நேரம் பார்த்தாள்.
அண்ணன் போனில் பேசப் படியிறங்கியதும்
"மாத்தாம இதுல ஒண்ணு, எனக்கு" என்றாள்.

பிரிண்டரில் கறுப்பு மை தீர்ந்திருந்தது,
வந்ததும் கரிச்சானுக்கே கொட்டிவிட்டேன்.
நாளைக்குத்தான் என்றேன்.

மேஜைமேல் காயும் அந்தப் படத்தை எடுத்து
"காக்காவா?" என்றாள்.
பதில் சொல்வதற்குள்
ஜன்னல் பக்கம் கொண்டுபோய்
இப்படியும் அப்படியுமாகச்
சாய்த்துக்கொண்டிருந்தாள்.