பதினோரு மைல்

நாற்பதாம் ஆண்டு விருந்துக்கு
லீக்கின் வரலாறு நான்கு பக்கம் வேண்டுமாம்.
எனக்குத் தட்டச்சு தெரியும், கூலி கேட்க மாட்டேன்.
ஆகவே நான்.

பூட்ஸ் வாங்கிய அட்டைப்பெட்டிகள் மூன்று.
உள்ளே பேரேடு, ரசீது, ஆட்டத் தாள்கள்,
பஞ்சில் சுற்றிய ஒரு முன்பல்.
ஆர்வில் டைஸுடையதாக இருக்கும்.
இத்தனை வருஷத்தில் கேட்டு ஒருவரும் வரவில்லை.

தொடக்கம் சுலபம்.
ஏப்ரலில் ஐஸ் உருகிவிட்டால்
கெட்டில்பெண்ட் அரங்கம் வெறும் கொட்டகை.
மர்டாக் வங்கிக்கு வட்டி கட்டியாக வேண்டும்.
வெட்டவெளியில் ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்தைப்
பலகை வேலிக்குள் பிடித்துப் போட்டார்.
பக்கத்துக்கு ஏழு பேர், பிறகு ஆறு.
சிமென்ட் தரை, தகரக் கூரை,
நுழைவு இருபத்தைந்து காசு.
பெட்டி லாக்ரோஸ். பெயரில் பொய்யில்லை:
ஜூலை மாதம் மூடியும் போட்டிருக்கும்.

ஆலைக்காரர்கள் காகிதக்கூழ் நாற்றத்தோடு வருவார்கள்,
டன்மோர் ரயில் பட்டறைக்காரர்கள் கிரீஸோடு.
இரவு ஷிஃப்டுக்கு முன் மூன்று பீரியட்.
நாற்பத்தியேழு இறுதியாட்டத்தில்
மாட்டு டாக்டர் பதினேழு தையல் போட்டார்,
மாட்டுக்குப் போடும் நூலால்.
இதெல்லாம் விருந்தில் கைதட்டு வாங்கும்.
இதுவரை ஒன்றரைப் பக்கம்.

மட்டைகள் வந்தது ஆற்றுக்கு அக்கரையிலிருந்து,
ரிசர்விலிருந்து.
ஹிக்கரிக் கொம்பை ஆவியில் வளைத்து
தோல்வார் பின்னி, ஒன்று மூன்று டாலர்.
நான்கு ஊர்க்காரர்களும் அங்கேதான் வாங்கினோம்.
ஆட்டமும் அங்கிருந்து வந்ததுதான்,
அதற்கு மூன்று டாலர்கூடக் கொடுக்கவில்லை.

நாற்பத்தொன்பதில் அவர்கள் அணி
லீக்கில் இடம் கேட்டது.
பேரேடு சொல்கிறது:
'தூரம் காரணமாக ஒத்திவைக்கப்பட்டது.'
ஐம்பதில், 'தூரம் காரணமாக.'
ஐம்பத்தொன்றில், 'மேற்படி.'
ஐம்பத்திரண்டில், 'மேற்படி.'

ஆஷ்ஃபோர்டிலிருந்து லோரிங்குக்கு நாற்பத்து மூன்று மைல்.
பாதி ஜல்லி ரோடு, நடுவே ஒரு படகுத்துறை.
அதைத் தூரம் என்று யாரும் சொன்னதில்லை.

ஐம்பத்து நாலில் லோரிங் ஆலையில் வேலைநிறுத்தம்,
அணி கலைந்தது.
மூன்று அணியை வைத்து அட்டவணை போட முடியுமா?
ஒரே கூட்டத்தில் ஆறு சுருங்கியது.
அவர்கள் வந்தார்கள்.
முதல் ஆட்டம் பத்தொன்பதுக்கு நான்கு.
லெவை காரோ கோல் போஸ்டுக்குப் பின்னாலிருந்து,
முதுகைக் காட்டிக்கொண்டே, தலைக்கு மேலாக எறிந்தது
எங்கள் கோலி திரும்பிப் பார்ப்பதற்குள் உள்ளே கிடந்தது.
அந்த வருஷக் கோப்பையும் அவர்களுக்கு.
பொறித்தவன் ஊர்ப் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டான்.

அணி மேலாளர் ஐனா காரோ அட்டவணை வாங்க வந்தவள்
பேரேட்டைத் தன் பக்கம் திருப்பி
ஐந்து வருஷத்தையும் நிதானமாக வாசித்தாள்.
"எத்தனை மைல்னு போடலியே" என்றாள்.
பென்சிலை நாக்கில் தொட்டு
கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

அந்த எழுத்து என்னுடையது.
அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது.
ஆண்கள் சொன்னார்கள், எழுதினேன்.
'மேற்படி' மட்டும் யாரும் சொன்னதல்ல.
கை வலித்தது, நானாகச் சுருக்கினேன்.

நேற்று எங்கள் அரங்க வாசலில்
கார் மீட்டரைப் பூஜ்யத்துக்குத் திருகினேன்.
பாலம், சோளக்காடு, ஒரு பெட்ரோல் பங்க்,
பிறகு அவர்கள் அரங்கத்து வாசல்.
பதினோரு மைல். கொசுறாகக் கால் மைல்.
"ஆட்டம் ஏழு மணிக்கு, டிக்கெட் வேணுமா?" என்றான்
கதவருகே நின்ற பையன்.
வாங்கினேன். இரண்டு டாலர்.

கமிட்டி நான்கு பக்கம் கேட்டது,
நான் ஐந்தாவதில் இருக்கிறேன்.
மைலைப் போட்டாயிற்று.
யார் கை எழுதியது என்பதையும் போட்டாயிற்று.
வெட்டுவதானால் அவர்களே வெட்டட்டும்,
இம்முறை நான் சுருக்குவதாக இல்லை.

பல்லை மட்டும் இன்னும் சேர்க்கவில்லை.