கூப்பிட்டால் வராத நாய்

ரெமுவை என்னிடம் விட்டுவிட்டு
அவன் துர்குவுக்குக் குடிபோனான்.
அங்கே மூன்றாம் மாடி, லிஃப்ட்,
அமைதியைக் கேட்டு வாங்கும் அண்டை வீட்டார்.
ரெமுவின் குரலோ இரண்டு ஏரி தாண்டும்.

முதல் வாரம் முழுக்கக் கத்தினேன்.
விசில் ஊதினேன்,
ஈரல் துண்டை ஆட்டிக் காட்டினேன்,
தபால் வண்டியின் ஹாரனையும் அழுத்திப் பார்த்தேன்.
நேற்று ஒரு முயல் கடந்த இடத்தில்
மூக்கைப் புதைத்து நின்றது,
மதியம் மூன்றரைக்கு
மனு வாங்கும் ஜன்னலில் இருப்பவரைப் போல.

"திமிர்" என்றேன் ஃபோனில்.
காயானியில் நாய் பழக்கும் ஹில்க்கா
என்னைவிடப் பத்து வயது சின்னவள்,
வாயில் எதையோ மென்றபடி சொன்னாள்:
"மூக்கு திறந்தால் காது மூடிக்கொள்ளும்.
அவ்வளவுதான். கயிறு வாங்கு."

பத்து மீட்டர் வாங்கினேன்.
உள்ளங்கைத் தோல் இரண்டு முறை உரிந்தது.
கிண்ணத்தை அலமாரியில் வைத்துவிட்டு
காலைத் தீனியை பிர்ச் மரத்தடிப் பனியில் இறைத்தேன்.
இருபது நிமிடம் தேடித் தின்றது,
பிறகு ஃபிரிட்ஜைப் பார்த்து ஊளையிடாமல்
இரண்டு மணி நேரம் உறங்கியது.
தாமதமாக வந்தாலும் திட்டுவதில்லை.
திட்டினால், திரும்பி வந்ததற்குத்தான் திட்டு என்று
கணக்கு வைத்துக்கொள்ளும்.

நான் கடிதங்களைப் பிரிக்காமல் கொடுப்பவள்.
அது ஊரார் கடிதம் எல்லாவற்றையும்
பிரித்துப் படித்துவிட்டுத்தான் நகரும்.
நரி எழுதியதற்கு மட்டும்
காலைத் தூக்கிப் பதில் போடும்.

நவம்பரில் கொக்கி உடைந்தது.
முதலில் கீச்சுக் கீச்சென்று,
பிறகு தொண்டை முழுவதும் திறந்து
வடக்கே போனது குரல்.
சதுப்பைச் சுற்றியது,
கிழக்கே மெலிந்தது,
நின்றது.

ஓடும்போது அது வாய் மூடியதே இல்லை.
கடைக்காரர் போன வாரம் பார்த்ததாகச் சொன்ன
ஓநாய்த் தடம் நினைவுக்கு வந்தது.
பாதரசம் பூஜ்யத்துக்குப் பதினொன்று கீழே.

நாய் பிரிந்த இடத்தில் உன் கோட்டைப் போட்டுவிட்டுப் போ,
விடிவதற்குள் அதன் மேல் வந்து படுக்கும் என்பார்கள் இங்கே.
என் கோட்டைக் கழற்ற மனம் வரவில்லை, குளிர்.
வண்டியின் பின்னால் அவனுடைய வேட்டைக் கோட்டு கிடந்தது,
புகையிலை, துப்பாக்கி எண்ணெய், அவன்.
விரித்தேன்.
அவன் வாசனைக்காவது வரட்டும்.

இரவெல்லாம் சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்து
காதாக உட்கார்ந்திருந்தேன்.
ஃபிரிட்ஜ் மட்டும் பேசியது.

காலையில் கோட்டின் மேல் உறைபனி, யாரும் தொடாதது.
கால் தடங்கள் நெருங்கி வந்து
ஒரு சுற்று சுற்றி
இடது கைப்பகுதியில் மஞ்சளாய் ஒரு கையெழுத்துப் போட்டு
மேலே போயிருந்தன.

நாற்பது தப்படி தள்ளி
நான் வண்டியைத் திருப்பிய இடத்தில்,
விழுந்ததே எனக்குத் தெரியாத
என் ஒற்றைக் கம்பளிக் கையுறையின் மேல்
இருபத்தைந்து கிலோ நாய்
எப்படியோ முழுசாகச் சுருண்டு கிடந்தது.

திட்டவில்லை.
முழங்கால் பனியில் புதைய
அதன் காதுகளை வாயால் ஊதிச் சூடாக்கினேன்.
இதில் ஒன்றும் நிரூபணமாகவில்லை,
கையுறையில் ஈரல் வாசனை இருந்தது.

புதுக் கொக்கியை மாட்டினேன்.
எழுந்து, உடம்பை உதறி,
காற்றில் எதையோ கண்டு மூக்கை நீட்டியது.
"ரெமு" என்றேன்.
காது மூடியாயிற்று.
கோட்டை எடுக்கப் போகவேண்டும், தபாலுக்கு நேரமாகிறது.
கயிற்றை இன்னும் இரண்டு முழம் விட்டேன்.