எழுபத்திரண்டில் ஒரு பங்கு

துவக்கு இல்லாதது என்றபடியால்தான் வாங்கினேன்.
பழஞ்சாமான் கடையில்
உடைந்த கிரைண்டருக்கும் ஊன்றுகோல் கட்டுக்கும் நடுவில்
கரப்பான் மூலை தின்ற ஒரு பெட்டி.
பிரித்தானியப் பயிற்சி விமானம், மைல்ஸ் மஜிஸ்டர்.
மஜிஸ்டர் என்றால் வாத்தியாராம்.
நானூற்றைம்பது சொன்ன ரிஃப்கான் முந்நூறுக்குத் தந்தான்.
"பிள்ளைக்கோ?" என்றான்.
ஓம் என்றேன்.
எனக்குப் பிள்ளை இல்லை.

பகலில் நான் பல் கட்டுகிறவன்.
உவர்மலையில் டொக்டர் அனுப்பும் அச்சுக்கு
முரசும் பல்லும் வைத்துக் கொடுப்பேன்.
இரவில் அதே அரம், அதே சாமணம், அதே விளக்கு.
ஐம்பத்தொரு துண்டு என்றது தாள்.
எண்ணினால் ஐம்பது.
ஒரு குழியில் வாத்தி இருக்கிறார்.
மாணவனைக் காணவில்லை.

முரசு செய்யும் ரோசாப் பசையில்
ஒருவனைப் பிடித்து இருத்தினேன்.
யாரோ ஒருவர் வாய்க்குள் போயிருக்கவேண்டிய சதை.

அடிவயிற்றைத்தான் முதலில் பூசினேன்.
மஞ்சள்.
பழகுகிறவன் வாறான், சுடாதே, விலகு என்று
நிலத்தில் நிற்பவனுக்குச் சொல்ல.
எங்கள் எல் போர்ட் மாதிரி.
கொட்பே படகுக்காரன் மிச்சம் வைத்த பெயின்ற்,
கொஞ்சம் தடிப்பு,
தூரிகை மயிர் ஒன்று உள்ளே அகப்பட்டுக் காய்ந்துவிட்டது.

எனக்குத் தெரிந்த விமானம் எல்லாம் அடிவயிறுதான்.
தொண்ணூறில் யாழ்ப்பாணத்தில்
நானும் தொழில் பழகிக்கொண்டிருந்தேன்.
சியாமாசெட்டி வரும்.
அரைத்த பல்லை அப்படியே போட்டுவிட்டு ஓடுவோம்.
அதுவும் பழகும் விமானம்தான் என்று
வெகுகாலம் கழித்து எங்கோ வாசித்தேன்.
பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கையாம்.
அன்றைக்கு வந்தவனுக்கு
அது எத்தனையாம் பாடமோ.

அளவுகோல் வைத்துக் கணக்குப் பார்த்தேன்.
எழுபத்திரண்டில் ஒரு பங்கென்றால்
அந்தப் பங்கர் ஒரு நெருப்புப்பெட்டி.
உள்ளே பதினொரு பேர்.
குந்தியிருந்த நான் ஒரு கடைவாய்ப்பல்.
என் மடியில் யாரோ தந்துவிட்ட கோழிக்குஞ்சு;
அதைச் செய்கிற அளவுக்கு நுண்ணிய அரம்
என்னிடம் இல்லை.

காலையில் சீனன்குடாப் பக்கம்
பொடியன்கள் பறக்கப் பழகினார்கள்.
சுற்றி, இறங்கி, தொட்டு, திரும்ப ஏறி.
பசை காயாத செட்டையைப் பிடித்திருந்த கை
தன்பாட்டில் தலைக்குப் போனது.
திரும்பி வந்து பார்க்கையில்
செட்டை ஒரு பாகை சரிந்து ஒட்டிவிட்டது.
கழற்றலாம்.
கழற்றவில்லை.

மேல்புறத்துக்கு மண்ணிறமும் பச்சையும் என்கிறது தாள்.
இன்னும் பூசவில்லை.
மேலேயிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று
எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை அருள்ராணி ரீச்சருக்குக்
கீழ்ப்பல் கொடுக்கவேண்டும்.
ரோசாப் பசை
ஒரு மாணவன் அளவு குறைகிறது.